புளிப்பின் இயல்பு

அறுசுவையுள் புளிப்பும் ஒன்று. தமிழ்நாட்டு உணவில் அதற்குரிய இடம் பெரிது. குழம்பிலும் இரசத்திலும் புளி சேர்கிறது. மோரில் ஒரு புளிப்பு உண்டு. எலுமிச்சை ஊறுகாயின் புளிப்பு வேறு. மாங்காயின் புளிப்பு வேறு. வயல் வரப்பில் படரும் புளியாரையை ஓரிலை மென்றாலும் நா கூசும். கொண்டைக்கடலை பயிராகும் ஊர்களில், பனிக்காலத்து இரவில் செடிகளின்மேல் மெல்லிய துணியை விரித்துவைத்து, விடியலில் அத்துணியைப் பிழிந்து புளிப்பு நீர் எடுப்பதுண்டு. கடலைப் புளிப்பு என்பது அதன் பெயர். மாமரத்து முசுற்றெறும்பு கடித்த இடத்தில் உமிழும் நீரும் புளிப்புடையதே. இவையெல்லாம் ஒரே பொருளா? வெவ்வேறு பொருள்களாயின், அவை அனைத்திற்கும் ஒரே சுவை அமைந்தது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை காண முற்பட்டவருள் தலைசிறந்தவர் சுவீடன் நாட்டவராகிய கார்ல் வில்லெம் ஷீலே. இவர் 1742இல் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். பதினான்காம் வயதில் ஒரு மருந்துக் கடையில் பயிலுநராகச் சேர்ந்து, அக்கடையின் அடுப்பையும் குப்பிகளையும் கொண்டே வேதியியல் கற்றவர். எலுமிச்சைச் சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுப்பான பாகுதான் மிஞ்சும். தூய புளிப்புப் பொருள் தனியே பிரிந்து வாராது. ஷீலே அச்சாற்றில் சுண்ணக்கட்டித் தூளை இட்டார். நுரை பொங்கிற்று, வெண்மையான வண்டல் ஒன்று அடியில் தங்கிற்று. புளிப்புப் பொருள் சுண்ணாம்போடு சேர்ந்து வண்டலாகிவிட, சருக்கரையும் பிசினும் மேல் நீரில் நின்றன. அந்நீரை வடித்துவிட்டு, வண்டலைக் கழுவி, அதன்மேல் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினார். இப்போது சுண்ணாம்பு கந்தக அமிலத்தோடு சேர்ந்து ஜிப்சமாகப் படிந்தது; விடுபட்ட புளிப்புப் பொருள் தெளிந்த நீரில் நின்றது. அதனைக் காய்ச்சி ஆறவைத்தபோது கற்கண்டு போன்ற படிகங்கள் தோன்றின. 1784இல் அவர் இவ்வாறு பெற்றதே சிட்ரிக் அமிலம்.

இம்முறையின் அழகு அதன் எளிமையிலே உள்ளது. சுண்ணாம்பைக் கொண்டு பிடித்தல், கந்தக அமிலத்தைக் கொண்டு விடுவித்தல் என்பதே அதன் சாரம். இதனால் அவர் திராட்சை மதுப் பீப்பாய்களின் உட்புறம் படியும் உப்பிலிருந்து டார்ட்டாரிக் அமிலத்தைப் பிரித்தார். நம் புளியம்பழத்தின் புளிப்புக்கும் அவ்வமிலமே காரணம். புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தை 1780இலும், ஆப்பிள் பழத்திலிருந்து மாலிக் அமிலத்தை 1785இலும் கண்டார். சருக்கரையை நைட்ரிக் அமிலத்தோடு காய்ச்சி 1776இல் ஓர் அமிலத்தை ஆக்கினார்; புளியாரை இனத்துச் செடிகளில் இயற்கையாகவே உள்ள அமிலமும் அதுவும் ஒன்றே என்பதைப் பின்னர் நிறுவினார். அதுவே ஆக்சாலிக் அமிலம். ஷீலே 1786இல், நாற்பத்துமூன்றாம் வயதில், காலமானார்.

ஆக, புளிப்புப் பொருள்கள் பல. எனினும் அவை ஒரு குலத்தவை. எறும்பின் ஃபார்மிக் அமிலம், காடியின் அசெட்டிக் அமிலம், மேலே கூறிய ஐந்து அமிலங்கள் ஆகிய எல்லாவற்றின் மூலக்கூற்றிலும் நான்கு அணுக்களால் ஆகிய ஓர் உறுப்பு தவறாமல் உண்டு. நடுவே ஒரு கார்பன் அணு. அதனோடு இரட்டைப் பிணைப்பால் பிணைந்த ஓர் ஆக்சிஜன் அணு. ஒற்றைப் பிணைப்பால் பிணைந்த மற்றோர் ஆக்சிஜன் அணு. அவ்விரண்டாம் ஆக்சிஜனைப் பற்றி நிற்கும் ஒரு ஹைட்ரஜன் அணு. இந்நான்கும் சேர்ந்த தொகுதிக்குக் கார்பாக்சில் தொகுதி என்பது பெயர். அசெட்டிக் அமிலத்தில் இத்தொகுதி ஒன்று. டார்ட்டாரிக் அமிலத்தில் இரண்டு. சிட்ரிக் அமிலத்தில் மூன்று. ஆக்சாலிக் அமிலமோ இரண்டு கார்பாக்சில் தொகுதிகள் ஒன்றோடொன்று முதுகு சேர்ந்து நிற்பதேயன்றி வேறில்லை. இவ்வமிலங்கள் செய்யும் வேலைகளிற் பெரும்பாலானவை இத்தொகுதி எதனை இழக்கிறது என்பதைப் பொறுத்தனவாகும்.

முதலில் ஹைட்ரஜன் இழப்பைக் காண்போம். கார்பாக்சில் தொகுதியை உடைய அமிலம் நீரில் கரையும்போது, அதன் மூலக்கூறுகளிற் சில தம் ஹைட்ரஜனை விட்டுவிடுகின்றன. அந்த ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரானை அமிலத்திடமே விட்டுவிட்டு, நேர்மின் ஏற்ற அயனியாக நீரோடு கூடிக்கொள்கிறது. நம் நாவிற் புளிப்பை எழுப்புவது இதுவே. எஞ்சிய பகுதி எதிர்மின் ஏற்ற அயனியாகிறது. எல்லா மூலக்கூறுகளும் இவ்வாறு பிரிவதில்லை. லிட்டருக்கு 6 கிராம் அசெட்டிக் அமிலம் உள்ள நீரில், ஆயிரம் மூலக்கூறுகளுள் ஏறத்தாழ 13 மட்டுமே அயனியாகின்றன. ஏனையவை முழு மூலக்கூறுகளாகவே உள்ளன. காடியை நாம் உணவிற் சேர்க்க முடிவதும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அவ்வாறு சேர்க்க முடியாததும் இவ்வேறுபாட்டால்தான்.

ஹைட்ரஜனை இழந்த பின் எஞ்சிய அயனியின் நிலை சற்று வியப்புக்குரியது. ஃபார்மிக் அமிலத்தில் கார்பனுக்கும் இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 1.20 ஆங்ஸ்ட்ரம், ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜனுக்கோ 1.34. ஆங்ஸ்ட்ரம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஹைட்ரஜன் நீங்கியதும் இவ்வேறுபாடு மறைகிறது. எக்ஸ்-கதிரால் அயனியை ஆராய்ந்தபோது, இரண்டு ஆக்சிஜன்களும் கார்பனிலிருந்து ஒரே தொலைவில், ஏறத்தாழ 1.27 ஆங்ஸ்ட்ரத்தில், இருப்பது தெரிந்தது. அயனியின் எதிர்மின்னேற்றம் ஓர் ஆக்சிஜன்மேல் மட்டும் தங்காமல் இரண்டின்மீதும் சமமாகப் பரவி நிற்கிறது. ஒரு சுமையை ஒருவர் சுமப்பதினும் இருவர் சுமத்தல் எளிதன்றோ? இவ்வெளிமையாலேயே இத்தொகுதி தன் ஹைட்ரஜனை விட இசைகிறது. சாராயத்தில் உள்ள ஹைட்ரஜன் அவ்வாறு எளிதில் விடுபடுவதில்லை.

எதிர்மின் ஏற்ற இவ்வயனிகளுக்கு உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் விருப்பம் மிகுதி. களிம்பேறிய செப்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கும்போது, அமிலம் களிம்பைக் கரைக்கிறது. கரைந்த செம்பின் அயனியை டார்ட்டாரிக் அமிலத்தின் அயனி பற்றி நீரோடு கொண்டுபோகிறது. ஆக்சாலிக் அமிலத்தின் அயனியாகிய ஆக்சலேட்டு, சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தைப் பற்றினால், எளிதிற் கரையாத உப்பு ஒன்று உண்டாகிறது. சேப்பங்கிழங்கிலும் சேனையிலும் இவ்வுப்பு ஊசி போன்ற நுண்படிகங்களாக உள்ளது. நாவும் தொண்டையும் அரிப்பது அவ்வூசிகளால்தான். மனிதரின் சிறுநீரகத்தில் தோன்றும் கற்களிற் பெரும்பாலானவையும் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவையே. சிட்ரிக் அமிலத்தின் அயனியாகிய சிட்ரேட்டு இதற்கு நேர்மாறானது. அதுவும் கால்சியத்தைப் பற்றுகிறது. ஆனால் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. கல் தோன்றும் இயல்புடையார்க்கு மருத்துவர் சிட்ரேட்டு மருந்தை அளிப்பதன் காரணம் இதுவே.

இவ்விரண்டு அயனிகளின் வேறுபாடு எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று. உடலைவிட்டு வெளிவந்த குருதி சில நிமிடங்களில் உறைந்துவிடும். ஆதலின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவர் குருதியை மற்றொருவருக்கு அளிப்பது பெருந்துன்பமாக இருந்தது. கொடுப்பவரையும் பெறுபவரையும் அருகருகே கிடத்தி, ஒருவரின் தமனியை மற்றவரின் சிரையோடு தைத்து இணைத்த மருத்துவர்களும் உண்டு. எவ்வளவு குருதி சென்றது என்று அளந்தறியவும் அம்முறையில் வழியில்லை. குருதி உறைவதற்குக் கால்சியம் இன்றியமையாதது என்பது 1890இல் பிரான்சு நாட்டில் தெரிந்தது. ஆக்சலேட்டைச் சேர்த்துக் கால்சியத்தைப் பிரித்துவிட்டால் குருதி உறைவதில்லை. ஆயினும் ஆக்சலேட்டு நஞ்சு. அது கலந்த குருதியை நோயாளிக்குச் செலுத்துதல் தகாது.

1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பெல்ஜியத் தலைநகராகிய பிரசெல்சில் ஆல்பர்ட் ஹஸ்டின் என்னும் மருத்துவர், சிட்ரேட்டுக் கலந்த குருதியை நோயாளிக்குச் செலுத்தினார். அதே ஆண்டு நவம்பரில், அர்ஜென்டினா நாட்டின் புவனெஸ் அயர்ஸ் நகரில் லூயிஸ் அகோட்டே என்பவரும் அதனைச் செய்தார். எவ்வளவு சிட்ரேட்டுச் சேர்த்தால் குருதி உறையாது, எவ்வளவுக்கு மேற்சென்றால் உடலுக்குத் தீங்கு என்னும் கேள்விகளுக்கு நியூயார்க்கில் ரிச்சர்டு லெவிசோன் 1915இல் விடை கண்டார், நூற்றில் 0.2 பங்கு சோடியம் சிட்ரேட்டே போதுமெனக் காட்டினார். உடலுட் சென்ற சிட்ரேட்டைக் கல்லீரல் உணவுப் பொருளைப்போல் எரித்துவிடுகிறது. அதன் பிடியிலிருந்த கால்சியம் மீண்டும் விடுதலை பெறுகிறது. 1917இல், முதல் உலகப் போரின் களத்தில், ஆஸ்வால்டு ராபர்ட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் சிட்ரேட்டும் குளுக்கோசும் சேர்த்த குருதியைக் குப்பிகளில் முன்னரே சேமித்துவைத்துப் போர்வீரர்க்கு அளித்தார். இன்று குருதி வங்கிகளில் உள்ள பைகளிலும் சிட்ரேட்டு உண்டு. எலுமிச்சையின் புளிப்பு இவ்வளவு தொலைவு வந்திருக்கிறது!

குருதியிற் கால்சியம் இவ்வளவு முதன்மையானதாயின், அதனை அளப்பது எப்படி? நூறு மில்லிலிட்டர்க் குருதித் தெளிநீரில் கால்சியம் ஏறத்தாழ 10 மில்லிகிராம் இருத்தல் வேண்டும். அஃது 7 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கை கால் தசைகள் இழுத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு வலிப்பும் வரக்கூடும். வலிப்புக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இதுதானா என்று அறியாமல் மருந்து கொடுத்தல் இயலாது. எனவே இம்மிகச் சிறிய அளவைத் தவறின்றி அறியவேண்டிய தேவை எழுந்தது. அதற்கு உதவியது ஆக்சாலிக் அமிலத்தின் மற்றோர் இழப்பு. எலெக்ட்ரான் இழப்பே அது.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பலரும் அறிவர். ஊதாநிறப் படிகமாக இருக்கும் இஃது, ஒருகாலத்தில் கிணற்று நீரைத் தூய்மை செய்யவும் புண் கழுவவும் வீடுகளில் பெரிதும் வழங்கியது. இதிலுள்ள மாங்கனீசுக்கு எலெக்ட்ரான்மேல் அடங்காப் பசி. அமிலங்கலந்த நீரில் ஒரு பெர்மாங்கனேட்டு அயனி ஐந்து எலெக்ட்ரான்களை ஏற்கும். ஏற்றதும் அதன் ஊதாநிறம் மறையும். எலெக்ட்ரான் ஏற்றலை ஒடுக்கம் என்றும், இழத்தலை ஆக்சிஜனேற்றம் என்றும் வேதியியலார் கூறுவர். ஆக்சலேட்டு அயனியோ இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து, நடுப் பிணைப்பு அறுந்து, இரண்டு கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறுகளாகப் பிரிந்துவிடும். பத்து எலெக்ட்ரான்கள் கைமாறக் கொடுப்போர் ஐவர், கொள்வோர் இருவர் வேண்டும். ஆதலின் ஐந்து ஆக்சலேட்டுக்கு இரண்டு பெர்மாங்கனேட்டு என்பது மாறாத கணக்கு.

பள்ளி ஆய்வகத்தில் இதனைச் செய்து பார்க்கலாம். ஆக்சாலிக் அமிலப் படிகம் 6.3 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அதில் 20 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் எடுத்துக் கூம்புக் குடுவையில் இடுக. வாயால் உறிஞ்சி எடுக்கும் பழைய வழக்கம் வேண்டா. இவ்வமிலம் நஞ்சாதலின் ரப்பர்க் குமிழைப் பயன்படுத்துக. நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, குடுவையைக் கை பொறாத அளவிற்கு, அஃதாவது 60 முதல் 70 டிகிரி வரை, சூடாக்குக. லிட்டருக்கு 3.16 கிராம் பெர்மாங்கனேட்டுக் கரைந்த நீரைப் பியூரெட்டில் நிரப்பித் துளித்துளியாக விடுக. முதல் துளியின் நிறம் உடனே மறையாது; பொறுமையற்ற மாணவர் சிலர் வேலை முடிந்ததென்று இங்கேயே நிறுத்திவிடுவர்! சிறிது நேரம் குடுவையைச் சுழற்ற நிறம் மறையும். இரண்டாம் துளி சற்று விரைவில் மறையும். பின்னர் வருவனவெல்லாம் விழுந்தவுடன் மறையும். முதல் துளிகளில் உண்டான மாங்கனீசு அயனியே பின்னைய துளிகளின் வினையை விரைவுபடுத்துகிறது. இறுதியில் ஒரே ஒரு துளி குடுவை முழுவதையும் மெல்லிய இளஞ்சிவப்பாக்கி, அந்நிறம் மறையாமல் நிற்கும். எலெக்ட்ரான் கொடுக்க இனி ஆக்சலேட்டு இல்லை என்பதற்கு அதுவே சான்று. தனியே ஒரு நிறங்காட்டி வேண்டுவதில்லை. இப்போது பியூரெட்டைப் பார்த்தால் 20 மில்லிலிட்டர் செலவாகியிருக்கும். இவ்வாறு ஒரு கரைசலின் வலிமையை மற்றொன்றால் அளப்பது தரம்பார்த்தல் எனப்படும்.

கிராமர், டிஸ்டால் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் இருவர் 1921இல் குருதிக் கால்சியத்தை அளக்க வெளியிட்ட முறை இவ்வடிப்படையில் அமைந்ததே. குருதித் தெளிநீரில் ஆக்சலேட்டைச் சேர்த்தால் கால்சியம் முழுவதும் வெண் வண்டலாகப் படியும். வண்டலைக் கழுவிக் கந்தக அமிலத்தில் கரைத்தால் ஆக்சாலிக் அமிலம் விடுபடும். ஷீலேயின் பிடித்தலும் விடுவித்தலும் இங்கே மீண்டும் வருவதைக் காண்க. விடுபட்ட அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம்பார்த்தால் கால்சியத்தின் அளவு தெரிந்துவிடும். மேற்கூறியதினும் பத்து மடங்கு நீர்த்த பெர்மாங்கனேட்டு ஒரு மில்லிலிட்டர் 0.2 மில்லிகிராம் கால்சியத்திற்குச் சமம். நலமுள்ள குழந்தையின் தெளிநீர் 2 மில்லிலிட்டரில் இருப்பதும் அவ்வளவே. பியூரெட்டின் ஒரு மில்லிலிட்டரில் சில துளிகள் குறைந்தாலும் மருத்துவர் அதன் பொருளை உணர்ந்தார். இன்று மருத்துவமனைகளில் கருவிகளே நொடிப்பொழுதில் இவ்வளவைக் காட்டுகின்றன. ஆயினும் நெடுங்காலம் அப்பணியைச் செய்தது அந்த இளஞ்சிவப்பு நிறமே.

இனி இத்தொகுதியின் மூன்றாவது இழப்பு. அமிலமும் ஆல்கஹாலும் கூடும்போது, அமிலத்தின் ஆக்சிஜன் ஒன்றும் ஹைட்ரஜனும் ஆல்கஹாலின் ஹைட்ரஜன் ஒன்றோடு சேர்ந்து நீராக வெளியேறும். எஞ்சிய இரண்டும் இணைந்த பொருளே எஸ்டர். வாழைப்பழ மணம் ஓர் எஸ்டரின் மணமாகும். அமிலத்திற்கு இரண்டு கார்பாக்சில் தொகுதிகளும் ஆல்கஹாலுக்கு இரண்டு கைகளும் இருந்தால் என்ன ஆகும்? இருகையும் நீட்டியவர்கள் மாறி மாறிக் கைகோத்து நிற்பதுபோல் அம்மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகும். அதற்குப் பாலியெஸ்டர் என்று பெயர்.

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் 1928 முதல் பணியாற்றிய வாலஸ் கரோத்தர்ஸ் இச்சங்கிலிகளை ஆக்க முயன்றார். வெளியேறும் நீரை முற்றும் அகற்றினாலன்றிச் சங்கிலி நீளாது. அவர் குழுவைச் சேர்ந்த ஜூலியன் ஹில், நீரை விடாமல் அகற்றும் கருவி ஒன்றின் துணையால் 1930இல் மிக நீண்ட சங்கிலியைப் பெற்றார். உருகிய அப்பொருளைக் கண்ணாடிக் கோலால் தொட்டு இழுத்தபோது பட்டுப்போன்ற இழை நீண்டு வந்தது. ஆறிய பின்னும் அதனை இழுக்க இழுக்க வலிமை மிகுந்தது. ஆனால் வெந்நீரில் இட்டால் அவ்விழை இளகிற்று. சலவைக்கு நில்லாத நூலால் பயன் என்ன? கரோத்தர்ஸ் எஸ்டரை விடுத்து வேறு பிணைப்பை நாடினார். அவ்வழியில் நைலான் பிறந்தது.

அவர் விட்ட இடத்தில் தொடங்கியவர் இங்கிலாந்து நாட்டு ஜான் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும். கரோத்தர்சின் அமிலங்கள் கயிறுபோல் வளைந்து கொடுப்பவை. இவர்கள் டெரெஃப்தாலிக் அமிலத்தைத் தேர்ந்தனர். ஆறு கார்பன் அணுக்களாலாகிய விறைப்பான வளையம். அதன் இரு எதிர்முனைகளிலும் ஒவ்வொரு கார்பாக்சில் தொகுதி. அதனை எத்திலீன் கிளைக்காலோடு சேர்த்து 1941இல் பெற்ற பாலியெஸ்டர் ஏறத்தாழ 260 டிகிரிக்குக் கீழே உருகுவதில்லை. போர்க்காலமாதலின் இச்செய்தி சில ஆண்டுகள் மறைவாகவே இருந்தது. பின்னர் அது டெரிலின் என்னும் பெயரோடு உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டிலும் 1960களிலும் 1970களிலும் டெரிலின் சட்டை பெருமைக்குரியதாய் இருந்தது. மடிப்புக் கலையாது, விரைவில் உலரும் என்பன அதன் சிறப்புகள். ஆயினும் நூறு கிராம் பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை ஏற்கும் காற்றில், இவ்விழை அரைக் கிராமையும் ஏற்பதில்லை. வியர்வை மிகுந்த நம் கோடைக்குத் தனி டெரிலின் ஏற்றதன்று என்றே கூறவேண்டும். அதனைப் பருத்தியோடு கலந்து டெரிகாட்டன் நெய்தவர் அறிவுடையோர்.

இன்று அதே பாலியெஸ்டர் தண்ணீர்ப் பாட்டிலாகவும் நம் கைக்கு வருகிறது. விரைவில் சிதையாமையே அதன் குணம். எறிந்த பின் அதுவே குற்றமாகிறது. ஆயினும் நீர் வெளியேறிப் பிறந்த பிணைப்பை நீர் புகுத்திப் பிரித்தலும் இயலும். 2016இல் ஜப்பானிய அறிஞர், சகாய் நகரில் பழைய பாட்டில்கள் குவிந்த இடத்து மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியத்தை எடுத்தனர். அது தான் சுரக்கும் நொதிகளால் அச்சங்கிலியை அறுத்து உணவாக்கிக்கொள்கிறது. 30 டிகிரி வெப்பத்தில், மெல்லிய படலம் ஒன்றை ஏறத்தாழ முழுவதும் சிதைக்க அதற்கு ஆறு வாரங்கள் ஆயின. பாட்டிலில் உள்ள இறுகிய பாலியெஸ்டரைச் சிதைப்பது இதனினும் கடினம். ஆதலின் அந்நொதியின் அமைப்பை மாற்றி விரைவுபடுத்தும் ஆராய்ச்சிகள் பல நாடுகளில் நடைபெற்று வருகின்றன. அறுந்த சங்கிலியிலிருந்து கிடைப்பவை எத்திலீன் கிளைக்காலும், தன் இரண்டு கார்பாக்சில் தொகுதிகளையும் மீளப் பெற்ற டெரெஃப்தாலிக் அமிலமும் ஆகும்.